சின்னத் தாடையும் எடுப்பான பல்லும்: இப்போதே பிளேட்டா, காத்திருந்து கிளிப்பா, பல் எடுப்பதா, ஆபரேஷனா?

மேல்வரிசை முன்பற்கள் எடுப்பாகவும் கீழ்த் தாடை உள்வாங்கியும் இருக்கும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாலு இடத்தில் கேட்டால் நாலு பதில் வரும். ஒரு டாக்டர், "இப்பவே பிளேட் போட்டா தாடை வளர்ந்துடும்" என்பார். அடுத்தவர், "எல்லாப் பால் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பன்னிரண்டு வயசுல கொண்டு வாங்க" என்பார். இன்னொருவர், மேலே இரண்டு பல்லை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டால் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்பார். வீட்டில் பாட்டி, "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, வளர வளரச் சரியாயிடும்" என்பார். இரவில் யூடியூபைத் திறந்தால், பல் எடுத்ததால் முகமே ஒட்டிப்போய்விட்டது என்று ஒருவர் கலங்கிப் பேசிக்கொண்டிருப்பார்.

டாக்டர்கள் சொல்லும் ஒவ்வொரு வழியும் யாரோ ஒரு பிள்ளைக்குச் சரியானதுதான். உங்கள் பிள்ளைக்கு எது என்பதுதான் கேள்வி. கிளிப் போடும் டாக்டராக எனக்கு இதில் ஒரு பக்கச் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி வேகமெடுக்கும் நேரத்தைப் பிடித்து ஒரே சிகிச்சையாக முடிப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லது. நிரந்தரப் பல்லை எடுப்பதா என்பதை, தாடை எப்படி வளர்கிறது என்று பார்த்த பிறகு தீர்மானிப்பது நல்லது. இது பொருந்தாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஒரு முகம் எப்படித் தெரிகிறது என்பதை மூன்று அடுக்குகள் முடிவு செய்கின்றன. அடியில் எலும்பு, அதன் மேல் பல், அதற்கும் மேலே உதடு, மூக்கு, மோவாய்ச் சதை. கிளிப் பல்லை நகர்த்தும். வளரும் வயதில் போடும் சில கருவிகள் எலும்பையும் கொஞ்சம் திருப்பும். மூன்றாவது அடுக்கு பாதி நாம் சொன்னபடி கேட்கும், மீதியை வயது பார்த்துக்கொள்ளும். "முகம் மாறிடும்" என்று யார் சொன்னாலும், இந்த மூன்றில் எது மாறும் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று

பிள்ளையை நேராக நிற்கச் சொல்லி, உதட்டை இறுக்காமல் சாதாரணமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். அப்புறம் கீழ்த் தாடையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் நுனியோடு நுனி சேரும்படி வைக்கச் சொல்லுங்கள். உதடு லேசாக மூடியிருக்கட்டும். அதே இடத்திலிருந்து இன்னொரு போட்டோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது படத்தில் முகம் அழகாக, சீராகத் தெரிந்தால் குறை பெரும்பாலும் கீழ்த் தாடையில் இருக்கிறது. தாடையை முன்னால் கொண்டுவரும் கருவி அந்தப் பிள்ளைக்கு உதவ வாய்ப்பு உண்டு. இரண்டாவது படத்தில் வாய்ப்பகுதி மொத்தமும் உப்பிக்கொண்டு வந்தால், மேல் தாடையோ மேல் பற்களோதான் முன்னால் இருக்கின்றன. அங்கே கீழ்த் தாடையை இழுப்பதில் பலன் குறைவு. நாங்கள் நாற்காலியில் வைத்து முதலில் செய்வதும் இதைத்தான். எக்ஸ்ரேயும் அளவுகளும் அதற்குப் பிறகுதான்.

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வாயை மூடும்போது மோவாயில் குழிகுழியாகச் சுருக்கம் விழுகிறதா? விழுந்தால் உதடு தானாக மூடவில்லை, சதை இறுக்கி மூடுகிறது என்று பொருள். கீழ் உதடு மேல் முன்பற்களுக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்கிறதா? அப்படிச் சிக்கினால் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது மேல் பல்லை இன்னும் முன்னால் தள்ளும். இது இருக்கும் பிள்ளைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் நஷ்டம் அதிகம்.

தாடை எப்போது வளர்கிறது

முகம் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வளர்ந்து முடிவதில்லை. அகலம் முதலில் முடிகிறது, பிறகு முன்பின் நீளம், கடைசியில் உயரம். மேல் தாடை சீக்கிரம் ஓய்ந்துவிடும். கீழ்த் தாடை உடலின் உயரத்தோடு சேர்ந்து வளரும், பையன்களுக்கு உயரம் நின்ற பிறகும் சில வருடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீளும்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சொல்ல வேண்டிய கதை. 1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிராட்பென்ட் என்பவர், தலையை ஒரே நிலையில் பிடித்துவைத்து எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே பிள்ளையை வருடா வருடம் படமெடுத்து ஒப்பிட அப்போதுதான் வழி பிறந்தது. 1950-களில் கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் இன்னும் ஒரு படி போனார். பிள்ளைகளின் தாடை எலும்பில் டான்டலம் உலோகத்தில் செய்த மிகச் சிறிய ஊசிகளைப் பதித்து, வருடங்கள் போகப் போக எலும்பு அந்த ஊசிகளைச் சுற்றி எப்படி வளர்கிறது என்று எக்ஸ்ரேயில் பின்தொடர்ந்தார். கீழ்த் தாடை வெறுமனே நீள்வதில்லை, வளரும்போது சுழலவும் செய்கிறது என்பது அதில் தெரியவந்தது. சிலருக்கு மோவாய் முன்னும் மேலுமாகச் சுழலும். சிலருக்குக் கீழும் பின்னுமாகப் போய் முகம் நீண்டுவிடும். ஒரே கருவியை ஒரே வயதில் போட்ட இரண்டு பிள்ளைகளுக்குப் பலன் வேறு வேறாக வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். பின்னால் சுழலும் நீண்ட முகத்துக்குச் சில தாடைக் கருவிகள் முகத்தை இன்னும் நீளமாக்கிவிடக்கூடும். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதைப் போட்டாங்க, நல்லா வந்துச்சு" என்று கேட்டு வருபவர்களிடம் இதைத்தான் விளக்கிச் சொல்கிறேன்.

கீழ்த் தாடையின் வேகமான வளர்ச்சி பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிடச் சுமார் இரண்டு வருடம் முன்னதாக வரும். பொதுவாகப் பெண்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டை ஒட்டியும், பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கை ஒட்டியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்த தேதியை மட்டும் நம்பக்கூடாது. பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால், வேகமான கட்டம் பெரும்பாலும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். "வயசுக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று காத்திருக்கும் குடும்பங்கள் நல்ல நேரத்தை விட்டுவிடுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தரும் தாமதம் இது. பையன்களுக்கு யூனிஃபார்ம் பேண்ட் சில மாதத்திலேயே கணுக்காலுக்கு மேலே ஏற ஆரம்பித்தால், வேகம் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் அதே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளைப் பார்ப்போம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எலும்புகளின் அடிவிளிம்பு தட்டையாக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குழிவு விழுந்து, நான்காவது இன்னும் தட்டையாக இருந்தால் ஆரம்பிக்க வேண்டிய நேரம் அதுதான். நான்காவதிலும் குழிவு விழுந்துவிட்டால் உச்சம் கடந்துவிட்டது. இதற்கென்று தனி எக்ஸ்ரே தேவையில்லை. தாடை அளவுக்காக எடுக்கும் படத்திலேயே கழுத்தும் விழும்.

பாட்டி சொன்ன "வளர வளரச் சரியாயிடும்" பற்றி. கீழ்த் தாடை வளரும், அது உண்மை. மேல் தாடையும் வளர்கிறதே! அதோடு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதால், பின்தங்கிய கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரும் விதம், பெரும்பாலும் பின்தங்கியபடியே தொடரும். அண்ணனுக்கு மீசை வளர்ந்து மறைத்திருக்கலாம்.

எட்டு வயதிலேயே ஆரம்பித்தால்

சீக்கிரம் ஆரம்பித்தால் தாடை நிறைய வளரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல வருடங்கள் பல் சீரமைப்பு உலகமும் அப்படித்தான் நம்பியது. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும், அதன்பின் பிரிட்டனிலும் இதைச் சீட்டுக் குலுக்கிப் போடும் முறையில் சோதித்தார்கள். பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சின்ன வயதிலேயே கருவி, மற்றவர்களுக்குப் பதின்ம வயதில் ஒரே சிகிச்சை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. பிரிட்டன் ஆய்வில் எட்டு முதல் பத்து வயதுக்குள் இருந்த 174 பிள்ளைகள் இருந்தார்கள், கருவி, கீழ்த் தாடையை முன்னால் கொண்டுவரும் ட்வின் பிளாக்.

முதல் கட்டத்தில் கருவி போட்ட பிள்ளைகளுக்கு மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே இருந்த முன்பின் இடைவெளி அருமையாகக் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவில் கால் பங்கு அளவுதான் எலும்பால் வந்தது, மீதியெல்லாம் பல் சாய்ந்ததால் வந்தது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. இரண்டு தரப்பும் பதின்ம வயதைக் கடந்து சிகிச்சை முடித்தபோது, தாடையிலும் கடியிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன வயதில் ஆரம்பித்தவர்கள் இரண்டு தடவை சிகிச்சை எடுத்து, அதிக நாள் டாக்டரிடம் அலைந்து, அதே இடத்துக்குத்தான் வந்திருந்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு இந்த மாதிரி ஆய்வுகளைச் சேர்த்து 2013-இல் வெளியிட்ட தொகுப்பும் அதையே சொன்னது. அதன் முதல் ஆசிரியர் பத்ரி திருவேங்கடாச்சாரி. 2018-இல் புதுப்பித்தபோதும் முடிவு மாறவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கு நன்மை கிடைத்தது: விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்வது குறைந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல் முன்பல் கீழ்ப் பல்லைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் இருந்தாலே அடிபடும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. உடைந்த நிரந்தர முன்பல்லுக்கு வேர் சிகிச்சை, கேப் என்று ஆயுசுக்கும் செலவு தொடரும். அதனால் இடைவெளி மிக அதிகமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருக்கும் பிள்ளை, ஓடியாடி விளையாடும் பிள்ளை, உதடு பல்லை மூடாத பிள்ளை என்றால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

கேலியும் இன்னொரு காரணம். பள்ளியில் கேலி தாங்காமல் போட்டோவுக்கு வாயைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு, நாலு வருடம் பொறுத்துக்கொள் என்று சொல்வது கொடுமை. அந்தப் பிரிட்டன் ஆய்விலும் கருவி போட்ட பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய எண்ணம் மேம்பட்டிருந்தது. தாடைக்காகச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டாம், பல் உடையாமல் இருக்கவும் மனசு நோகாமல் இருக்கவும் ஆரம்பிக்கலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் மறுபடி கிளிப் தேவைப்படும் என்பதையும் அதற்கான செலவையும் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

வளரும் வயதில், ஒரே சிகிச்சையாக

நான் பெரும்பாலும் சொல்வது இந்த வழி. வளர்ச்சி வேகமெடுக்கும்போது ட்வின் பிளாக் போன்ற கருவி, அது முடிந்ததும் இடைவெளி விடாமல் கிளிப். இரண்டும் சேர்ந்து இரண்டு, இரண்டரை வருடம் ஆகலாம்.

ட்வின் பிளாக் 1977-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் உருவாக்கியது. சக பல் மருத்துவர் ஒருவரின் மகன் கீழே விழுந்து, மேல் முன்பல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. திரும்பப் பதித்த அந்தப் பல்லைக் கீழ் உதடு தள்ளிக்கொண்டே இருந்ததைத் தடுக்க அவர் யோசித்ததில் பிறந்த கருவி இது. மேலுக்கு ஒரு பிளேட், கீழுக்கு ஒரு பிளேட். இரண்டிலும் கடைவாய்ப் பக்கம் சாய்வான அக்ரிலிக் கட்டைகள். வாயை மூடினால் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, கீழ்த் தாடை முன்னால்தான் வந்து நிற்கும், பின்னால் மூட முடியாது.

இது வேலை செய்ய வேண்டுமென்றால் நாள் முழுக்க வாயில் இருக்கணும், சாப்பிடும்போதும். முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், தாடைச் சதை வலிக்கும். இட்லி, தயிர்சாதம், குழைந்த சாம்பார் சாதத்தில் ஓட்டிவிடலாம். பத்து நாளில் பெரும்பாலான பிள்ளைகள் அதோடு பழகிவிடுகிறார்கள். பெரிய எதிரி பள்ளி மதிய உணவு நேரம். கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைக்கும் பிள்ளை, எழுந்து போகும்போது பேப்பரோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடும். கெட்டி டப்பா ஒன்றை வாங்கிக் கொடுங்கள், நல்ல பளிச்சென்ற நிறத்தில். பிள்ளை கழற்றிக் கழற்றி வைக்கிறது, போராட முடியவில்லை என்றால், கிளிப்போடு சேர்த்துப் பொருத்திவிடும், கழற்ற முடியாத கருவிகளும் இருக்கின்றன. ஹெர்ப்ஸ்ட், ஃபோர்சஸ் மாதிரி. அவற்றில் கன்னம் உரசும், கம்பி உடையும். ஆனால் போட மறந்தேன் என்ற பேச்சுக்கு இடமில்லை.

எதிர்பார்ப்பை நேர்மையாகச் சொல்கிறேன். வளர்ச்சி நேரத்திலும் கருவியால் கூடுதலாகக் கிடைக்கும் தாடை நீளம் சில மில்லிமீட்டர் அளவைத் தாண்டாது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதைவிடப் பெரிதாக இருக்கும். காரணம், கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னாலிருந்து விடுபட்டு வெளியே வருகிறது, வாய் இறுக்காமல் மூடுகிறது, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே இருந்த ஆழமான மடிப்பு தளர்கிறது. பெற்றோர் "முகமே மாறிப்போச்சு" என்று மகிழும்போது பெரும்பாலும் மாறியிருப்பது உதடுதான். அதில் குறையொன்றும் இல்லை, மற்றவர்கள் பார்ப்பதும் உதட்டைத்தானே.

பல் எடுப்பது

இந்த ஒரு கேள்வியில்தான் குடும்பங்கள் அதிகமாகப் பயப்படுகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பல் எடுக்கலாமா என்ற சண்டை நூறு வருடத்துக்கு மேல் பழையது. நவீனப் பல் சீரமைப்பின் தந்தை என்று சொல்லப்படும் எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லைக்கூட எடுக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், குருவின் வழியில் பல வருடம் பல் எடுக்காமலே சிகிச்சை செய்தார். முடித்த பலருக்கு வாய் முன்னால் தள்ளி நின்றது, வரிசையும் மீண்டும் கலைந்தது. அவர்களையே திரும்பக் கூப்பிட்டு, பல் எடுத்து மறுபடி சிகிச்சை செய்து, இரண்டு முடிவுகளையும் 1940-இல் சக மருத்துவர்கள் முன்னால் வைத்தார். அதன் பிறகு பல் எடுப்பது சகஜமானது. பின்னால் அது எல்லை மீறியும் போனது, இப்போது நடுநிலைக்கு வந்திருக்கிறது.

நம் ஊரில் பல் எடுப்பது மிகவும் பொருந்தும் ஒரு வகை உண்டு. கடி சரியாகத்தான் இருக்கும், ஆனால் மேல் பல், கீழ்ப் பல் இரண்டுமே முன்னால் தள்ளி, உதடு மூடாமல் இருக்கும். தென்னிந்திய முகங்களில் இது அடிக்கடி பார்ப்பது. மேலும் கீழும், இடமும் வலமுமாகக் கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லை, மொத்தம் நாலு, எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் முன்பற்கள் பின்னால் போகும், உதடும் பின்வாங்கி இயல்பாக மூடும். பல் போகும் அளவுக்கு உதடு போகாது. மெல்லிய உதடு அதிகமாகப் பின்வாங்கும், தடித்த உதடு குறைவாக. இந்தச் சிகிச்சை முடித்த பெண்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிமிரும் முகத்தைப் பார்ப்பது என் தொழிலின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

இதே வழியைச் சின்னக் கீழ்த் தாடை உள்ள பிள்ளைக்குச் செய்தால் கதை வேறாகிறது. மேலே மட்டும் இரண்டு பல்லை எடுத்து முன்பல்லைப் பின்னால் கொண்டுபோனால் கடி சரியாகும். தாடை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதாவது, மேல் பல் பின்னால் வந்து, பின்தங்கிய தாடையோடு சமாதானம் செய்துகொள்கிறது. மூக்கு பெரிதாக, உதடு மெல்லியதாக, மோவாய் சின்னதாக இருக்கும் பிள்ளைக்கு இதைச் செய்தால் மேல் உதடு சரிந்து மூக்கு இன்னும் எடுப்பாகத் தெரியும். பல் எடுத்ததால் முகம் ஒட்டிப்போனது என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். குற்றம் பல் எடுத்ததில் இல்லை, யாருக்கு எடுத்தோம் என்பதில் இருக்கிறது.

வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அவசரப்பட்டு மேல் பல்லை எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூக்கு பதின்ம வயது முழுக்க வளரும், பையன்களுக்கு அதற்கு அப்பாலும். பதின்மூன்று வயதில் அளவாகத் தெரியும் உதடு, இருபது வயதில் வளர்ந்த மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவே உள்ளடங்கித் தெரியும். எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியாது. பின்னாளில் தாடை ஆபரேஷன் செய்யலாம் என்று தோன்றினால், பின்னால் இழுத்த மேல் பற்களை மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டிவரும்.

பல் எடுத்தால் மூச்சுப்பாதை சுருங்கி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் வரும் என்று இப்போது ஒரு பயம் பரவியிருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 5,500 பேருக்கு மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து, கிளிப்புக்காக வழக்கமாக எடுக்கும் பற்கள் இல்லாதவர்களுக்கு இந்த நோய் அதிகமாக இல்லை என்று காட்டியது. 2019-இல் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கமும் இதை ஆராய்ந்து, கிளிப் சிகிச்சை அந்த நோயை உண்டாக்குவதாக ஆதாரமில்லை என்றது. குறட்டை விடும் பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், அடினாய்டு, டான்சில் பெரிதாகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு சின்னக் கோரிக்கை. எக்ஸ்ரே அளவுகளைக் காட்டி "உங்க பொண்ணுக்கு உதடு இத்தனை மில்லிமீட்டர் அதிகம்" என்று யாராவது சொன்னால், எந்த முகத்தோடு ஒப்பிட்டு அதிகம் என்று கேளுங்கள். பாடப்புத்தகத்தின் பழைய அளவுகள் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்களிடம் எடுத்தவை. நம் உதடு இயல்பிலேயே கொஞ்சம் நிறைந்தது. வாய் தானாக மூடுகிறது, முகம் பிடித்திருக்கிறது என்றால் அந்த எண்ணுக்காக நாலு பல்லை இழக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன்

தாடை மிகவும் சின்னதாக இருந்தால், அல்லது வளர்ச்சி வயது தாண்டியிருந்தால், எலும்பை உண்மையாகவே முன்னால் கொண்டுவருவது ஆபரேஷன் மட்டும்தான். இப்போது கீழ்த் தாடைக்குச் செய்யும் முறையின் அடிப்படை 1950-களில் ஹூகோ ஓப்வெகெசர் உருவாக்கியது. வாய்க்குள்ளேயே வெட்டி, தாடையின் பின்பகுதியை நெடுக்கில் இரண்டாகப் பிரித்து, முன்பகுதியைச் சறுக்கி முன்னால் வைத்து, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது.

வளர்ச்சி நின்ற பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பெண்களுக்குப் பதினேழு, பதினெட்டு, ஆண்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து. ஆறு மாதம், ஒரு வருடம் இடைவெளியில் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, மாற்றமில்லை என்று உறுதி செய்துகொள்வோம். முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் கிளிப், பின்னால் சில மாதம் கிளிப். கீழ் உதடு, மோவாய் மரத்துப்போவது ஆரம்பத்தில் பலருக்கு வரும், சிலருக்கு அது முழுதாகப் போகாமல் தங்கிவிடும். இதைச் சொல்லாமல் யாரும் கையெழுத்து வாங்கக்கூடாது. செலவு தனியாரில் லட்சங்களில் போகும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செலவு மிகக் குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும்.

கடி பரவாயில்லை, மோவாய் மட்டும் சின்னது என்பவர்களுக்கு மோவாய் எலும்பின் நுனியை மட்டும் வெட்டி முன்னால் வைக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்தால் தாடை வளரும் என்று பையன்கள் கேட்டு வருகிறார்கள். வளர்ந்து முடிந்த தாடை எலும்பு அதனால் மாறுவதற்கு ஆதாரம் இல்லை.

கீழ்த் தாடை முன்னால் வந்தால் கணக்கே வேறு

மேலே சொன்ன "காத்திரு" என்ற ஆலோசனையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கீழ்ப் பல் மேல் பல்லுக்கு முன்னால் கடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு மேல் தாடைதான் பின்தங்கியிருக்கும். மேல் தாடை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பதால் அதை முன்னால் இழுக்கும் நேரமும் சீக்கிரம் முடிந்துவிடும். நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி நிற்கும் ஃபேஸ்மாஸ்க்கை, ரப்பர் பேண்ட் மாட்டி, மாலையிலும் இரவிலுமாக அணிய வேண்டும். பத்து வயதுக்கு முன் இதைப் போட்ட பிரிட்டன் பிள்ளைகளை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் 36% பேருக்குத்தான் ஆபரேஷன் தேவை என்று நிபுணர்கள் கருதினார்கள். போடாதவர்களில் அது 66%. நான் எந்தக் கருவிக்காகவாவது ஒரு குடும்பத்தை வற்புறுத்துவேன் என்றால், இதற்குத்தான்.

ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆபரேஷன் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினைந்து, பதினாறில் கீழ்த் தாடை மறுபடி எகிறினால் நாம் செய்ததைத் தாண்டிப் போய்விடும். அப்பா வழியிலோ அம்மா வழியிலோ அந்தத் தாடை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாத்தா போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள். அப்படிப்பட்ட பையனுக்குப் பதின்மூன்றில் பல்லைச் சாய்த்துக் கடியைச் சமாளிப்பதைவிட, வளர்ச்சி முடியும் வரை பொறுப்பது நல்லது.

கிளிப் கழற்றிய பிறகு

கிளிப்பைக் கழற்றும் நாளோடு முகம் நின்றுவிடுவதில்லை. கிளீவ்லாந்தில் சின்ன வயதில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களைப் பல பத்தாண்டு கழித்து ரோல்ஃப் பெஹ்ரென்ட்ஸ் திரும்ப வரவழைத்துப் படமெடுத்தார். 1985-இல் வெளியான முடிவு: பெரியவர்களுக்கும் முகம் மெதுவாக மாறிக்கொண்டேதான் இருக்கிறது. மூக்கு நீள்கிறது, உதடு தட்டையாகிறது. இருபது வயதில் கொஞ்சம் நிறைவாக இருக்கும் உதடு நாற்பதில் அளவாக நிற்கும் என்பதையும் பல் எடுக்கும் முடிவில் சேர்த்து யோசிக்கலாம்.

பல்வரிசையும் அப்படித்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில், பல் எடுத்துச் சிகிச்சை முடித்தவர்களை, கிளிப் கழற்றிய பின் பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடம் கழித்துப் பார்த்தார். கீழ் முன்பல்வரிசை திருப்தியாக இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. பழியை ஞானப்பல் மேல் போடுவது வழக்கம், அதற்கு நல்ல ஆதாரமில்லை. தாடை கடைசிவரை கொஞ்சம் வளர்வதும் வயதும்தான் பெரிய காரணங்கள். அதனால் முதல் வருடம் டாக்டர் சொன்ன நேரமெல்லாம், அதன்பின் இரவில், எத்தனை வருடம் முடியுமோ அத்தனை வருடம் ரிட்டெய்னர் போட வேண்டும். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும்.

எந்த வழியை எடுத்தாலும், ஆரம்பத்தில் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே, போட்டோ, பல் அச்சு எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும், பதினெட்டு வயதில் தாடை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, பதினோரு வயதுப் படம் வேண்டும்.